சருகுப் பையம்மன்

சென்னை
5-3-1987

அன்புள்ள சாகிரா,

நீ பஸ்ஸில் போட்டனுப்பிய மூட்டை செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. பிரித்து, மண் தட்டி, ஓவனில் காயவைத்து, நிறுத்தும் பார்த்துவிட்டேன். ஓவன் கதவைக்கூடச் சாத்தாமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எல்லாம் தலைகீழாக வந்திருக்கிறது!

உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் முதலிலிருந்து சொல்லிப் பார்த்தால்தான் எனக்கே தெளிகிறது. செப்டம்பரில் நாம் இருவரும் ஒரே புங்க மரத்துச் சருகைப் பொறுக்கினோம். உங்கள் அத்தா கடைக் கொசுவலையில் நீ தைத்த பைகளில் ஒரே எடையில் போட்டோம். பாதிப் பைகளை எங்கள் அனந்தபுரம் காப்புக்காட்டுக்குள், வானமே தெரியாத அடர்த்தியில் வைத்து நீல பெயின்ட் அடித்த குச்சிகளில் கட்டினோம். மீதிப் பாதியைக் காட்டுக்கு வெளியே, மொட்டை வெயிலில், சிவப்பு பெயின்ட் குச்சிகளில் கட்டினோம். மாதத்தின் முதல் திங்கட்கிழமை நீ போய் சில பைகளை எடுத்தனுப்புகிறாய், நான் இங்கே நிறுக்கிறேன்.

மரம் மேலே கூரை போட்டால் கீழே மண் ஈரமாக இருக்கும். பூஞ்சையும் புழுவும் வேலை செய்யும். சருகு சீக்கிரம் மக்கி, அதிலுள்ள தழைச்சத்து மண்ணுக்குத் திரும்பும். வெயிலில் வைத்தது அப்பளமாகக் காய்ந்து கிடக்கும். எல்லாப் புத்தகமும் சொல்வது இதைத்தான். டிசம்பர் வரை நம் பைகளும் சொன்னது இதைத்தான். பொங்கலுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை, வெயில் பை மக்கத் தொடங்கிவிட்டது. இந்த மாதம் நிழல் பையையே மிஞ்சிவிட்டது.

என் கைடு அரங்கநாதன் சார் ஒரு பார்வை பார்த்தார். "உன் ஃப்ரெண்ட் குச்சி மாத்திக் கட்டிட்டாம்மா. இந்த டேட்டா குப்பை" என்றார். இது குப்பையானால் நான் ஆய்வேட்டை ஜூன் கடைசிக்குள் கொடுக்க முடியாது. கொடுக்காவிட்டால் ஃபெல்லோஷிப்பும் முடிந்தது, எம்.ஃபிலும் போயிற்று. எங்கள் நைனா இப்போதே தெருவெல்லாம் "எம்பொண்ணு லெக்சரர்" என்று சொல்லிவிட்டார்.

கோபித்துக்கொள்ளாதே. கேட்காமல் இருக்க முடியவில்லை. நீலத்தையும் சிவப்பையும் மாற்றிவிட்டாயா?

வசந்தா

செஞ்சி
9-3-1987

வசந்தா,

அன்பும் இல்லை ஒன்றும் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நீலம் எது சிவப்பு எது என்று தெரியாத கண்ணோடா நான் பி.எஸ்ஸியில் உன் பக்கத்தில் மூன்று வருஷம் உட்கார்ந்து உனக்குப் படம் வரைந்து கொடுத்தேன்? மாதாமாதம் அத்தாவைக் கடையைச் சாத்தவைத்து, அனந்தபுரம் பஸ் ஏறி, இறங்கி, முள்ளில் நடந்து, உன் குப்பையைப் பொறுக்கி அனுப்புகிறேன். எங்கள் அம்மா பார்த்துவிட்டு, "இன்னாடி, இலைக்கெல்லாமா கொசுவலை கட்டுவாங்க?" என்று சிரிக்கிறார்கள். அதையெல்லாம் தாங்கிக்கொண்டு செய்தால், உன் சார் ஒரு வார்த்தை சொன்னதும் உனக்கு என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. சருகு மக்கியதோ மக்கவில்லையோ, நீ நன்றாக மக்கு ஆகிவிட்டாய்.

நான் எதையும் மாற்றவில்லை. அல்லா மேல் ஆணை. இனிமேல் உன் பையை நீயே வந்து எடுத்துக்கொள்.

நீ கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், அதற்கும் பிறகு என்மேல் பழி போடாதே. சிவப்புக் குச்சிப் பைகள் இரண்டு மாதமாக மஞ்சள் பூத்துக் கிடக்கின்றன. ஏதோ பூஞ்சை என்று விட்டுவிட்டேன். பக்கத்தில் எலுமிச்சம்பழத் தோலும் கிடந்தது. எவனோ குடிகாரன் உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்தேன்.

சாகிரா

சென்னை
14-3-1987

என் உயிர் சாகிரா,

காலில் விழுகிறேன், கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன், இன்னும் என்ன செய்யச் சொன்னாலும் செய்கிறேன். முதலில் இதைக் கேள்!

உன் கடிதம் வந்தபோது காலிப் பைகளைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தேன். மஞ்சள் என்று நீ எழுதியதைப் படித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், பக்கெட் முழுக்கச் சிவப்பு! ரத்தம் மாதிரி இல்லை, ஆரத்தித் தண்ணீர் மாதிரி. ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு போட்டால் சிவக்கும் இல்லையா? சோப்புக்கும் அதே குணம்தான். நானும் அந்த மஞ்சளைப் பூஞ்சை என்றுதான் நினைத்திருந்தேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன், பூஞ்சையே இல்லை. சமையல் மஞ்சள்!

காட்டோரத்தில் கிடக்கிற சருகுப் பைக்கு யாரடி மஞ்சள் பூசுவார்கள்? நீ மாற்றவில்லை. சத்தியமாக நீ மாற்றவில்லை. வேறு யாரோ வந்து போகிறார்கள்.

ஹாஸ்டல் வராந்தாவில் நான் குதித்த குதியில் வார்டன் வந்து திட்டிவிட்டுப் போனார். மாசக் கடைசியில் அமாவாசை. மஞ்சளும் எலுமிச்சம்பழமும் என்றால் எனக்கு அந்தப் பக்கம்தான் புத்தி போகிறது. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு ஸ்பெஷல் பஸ்ஸில் திரும்புகிற ஜனங்கள் அந்த வழியாகத்தானே வருவார்கள்? மறுநாள் காலையில் ஒரே ஒரு தடவை போய்ப் பார். அத்தாவிடம் நான் கெஞ்சியதாகச் சொல்.

உன் மக்கு வசந்தா

செஞ்சி
30-3-1987

அடியே வசந்தா,

உட்கார்ந்துகொண்டு படி. நிற்காதே.

இன்று காலை அத்தாவும் நானும் போனோம். ரோட்டிலிருந்து ஒற்றையடிப் பாதையில் இறங்கும்போதே பெண்கள் குரல் கேட்டது. நம் சிவப்புக் குச்சி வரிசையைச் சுற்றி முப்பது நாற்பது பேர்! குச்சி ஒவ்வொன்றின் தலையிலும் எலுமிச்சம்பழம் குத்தி, குங்குமம் வைத்து, அடியில் கூழ் ஊற்றியிருந்தார்கள். சிவப்பு பெயின்ட் அடிக்க நமக்கு யார் சொன்னது? நாம்தான் பாதி சாமியை நட்டுவைத்துவிட்டு வந்திருக்கிறோம்.

நான் கிட்டே போனதும் ஓர் அம்மாள் அதட்டினாள். "ஏம்மா, செருப்பக் கழட்டு. கண்ணு தெரியில?"

"இது இன்னா சாமிம்மா?" என்று கேட்டேன்.

"பையம்மன். கேட்டா குடுக்குது. எம்மருமவ மூணு வருஷமா சும்மா இருந்தா, இப்ப முழுகாம இருக்குறா."

நான் செருப்பைக் கழற்றினேன். திரும்பிப் பார்த்தால் அத்தாவும் கழற்றிவிட்டுக் கைகட்டி நிற்கிறார். "நம்ம கடை கொசுவலைக்கு வந்த மரியாதையப் பாரு" என்று காதோரம் சொன்னார். அந்தச் சிரிப்பை நான் அடக்கிய பாட்டை உனக்குச் சொல்ல முடியாது.

ஆனால் வசந்தா, சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. வரிசையின் தலைமாட்டில் பித்தளைச் சொம்போடு குந்தியிருந்தது உங்கள் அம்மா. வள்ளியம்மாளேதான். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"வந்துட்டியா கண்ணு! நீயுந்தான் மாசாமாசம் வந்து எடுத்துக்கினு போறியாம். ஒரு நாளாச்சும் ஒரு சொம்பு தண்ணி ஊத்துனியா? பொங்கலுக்கு அப்பால வந்து பாத்தேன். எல்லாம் காஞ்சி, தொட்டா நொறுங்குது. எம்பொண்ணு படிப்பாச்சே இது! உள்ள நெழல்ல கீறத மரம் பாத்துக்கும். வெயில்ல கீறத யாரு பாப்பா? அதான் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம மஞ்சத்தண்ணி ஊத்திட்டுப் போறேன். அப்பால இவளுங்க பாத்தாளுங்க, இவளுங்களும் ஊத்துறாளுங்க."

அப்படித்தான் தொடங்கியிருக்கிறது. முதல் சொம்பு உங்கள் அம்மாவுடையது. உங்கள் தெருப் பக்கமே வராத ஊர்த்தெருப் பெண்கள்கூட உங்கள் அம்மா ஊற்றி முடிக்கும்வரை பின்னால் காத்து நின்றார்கள். அனந்தபுரத்தில் இப்படி நான் பார்த்ததே இல்லை.

தலையை ஆட்டிவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். நீ என்ன செய்யப்போகிறாய்?

சாகிரா

சென்னை
3-4-1987

சாகிரா,

அழுதேன். அப்புறம் சிரித்தேன். அப்புறம் மறுபடியும் அழுதேன். பெற்றவளே என் படிப்பில் தண்ணீர் ஊற்றிவிட்டாள், இதை யாரிடம் போய்ச் சொல்ல?

அரங்கநாதன் சாரிடம்தான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "வெயில் பைகள் அத்தனையும் கெட்டுப்போச்சு. அடுத்த செப்டம்பர்ல புதுசா வை" என்றார். அடுத்த செப்டம்பரில் எனக்கு ஹாஸ்டலும் கிடையாது, ஃபெல்லோஷிப்பும் கிடையாது. அது அவருக்கும் தெரியும்.

அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். கோபமாகத்தான் எழுதியிருக்கிறேன். நைனாவிடம் படிக்கக் கொடுத்தால் பாதியை விழுங்கிவிடுவார். நீ போய் ஒரு வரி விடாமல் படித்துக் காட்டு. இனிமேல் அந்தப் பக்கமே போகக் கூடாது என்று அம்மாவுக்குப் புரியவேண்டும்.

ஏழு மாத வேலை, சாகிரா. வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவள் நான். சீனியர்கள் எல்லாரும் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, நான் போகும்போது கையெடுத்துக் கும்பிடுகிறார்கள்.

வசந்தா

செஞ்சி
8-4-1987

வசந்தாவுக்கு,

அழுது முடித்தாயா? முகத்தைக் கழுவிக்கொண்டு வா. எனக்கு நிறைய சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது, உன் கடிதத்தைப் படித்தேன். நான் மட்டும் படித்தேன். அப்புறம் அடுப்பில் போட்டேன். உங்கள் அம்மாவிடம் போய் வெறும் தாளை வைத்துக்கொண்டு நானாகப் படித்தேன். நலம், சாப்பாடு பரவாயில்லை, வெயில் அதிகம் என்றெல்லாம். "நான் தண்ணி ஊத்துனத பத்தி ஒண்ணும் எழுதலியா?" என்று கேட்டார்கள். "எழுதியிருக்கா, உங்க புண்ணியத்துல நல்லா மக்கிடுச்சாம்" என்றேன். அந்த முகத்தை நீ பார்த்திருந்தால் அந்தக் கடிதத்தை எழுதியே இருக்கமாட்டாய். என்மேல் கோபப்படுவதானால் படு. எனக்குப் பயம் இல்லை.

இரண்டாவது, உன் சார் வெயில் பை அத்தனையும் கெட்டுவிட்டது என்கிறாரே, அவர் எப்போது வந்து பார்த்தார்? வரிசையின் கடைசிப் பக்கம் ஆடு வருகிறது என்று நான் அக்டோபரிலேயே சில பைகளைச் சுற்றி வேலிகாத்தான் முள் வெட்டி அடைத்திருந்தேன். ஜூனில் எடுப்பதற்கென்று அவற்றைத் தொடாமல் வைத்திருந்தேன். அதற்குள் பையம்மனே நினைத்தாலும் கை நுழையாது. நேற்று அந்த முள்ளை விலக்கி மூன்று பைகளை எடுத்தேன், என் முழங்கை முழுக்கக் கீறல். மஞ்சள் வாடையே இல்லை. மொரமொரவென்று இருக்கின்றன.

அதே வெயில், அதே மண், அதே இலை. தண்ணீர் மட்டும் இல்லை. யோசித்துப் பார்.

அத்தா வியாழக்கிழமை சரக்கு எடுக்கப் பாரிமுனை வருகிறார். பைகளை ஹாஸ்டலில் கொடுத்துவிடுவார்.

சாகிரா

சென்னை
20-4-1987

சாகிரா! சாகிரா! சாகிரா!

மூன்று தடவை நிறுத்தேன். தராசு பழுதோ என்று பக்கத்து லேப் தராசிலும் நிறுத்தேன். முள்ளுக்குள் இருந்த பைகள் டிசம்பரில் இருந்த எடையிலேயே நிற்கின்றன! அம்மா ஊற்றிய பைகள் கரைந்துபோயிருக்கின்றன. நிழல் பைகள் இரண்டுக்கும் நடுவில், அம்மா பைகளுக்குப் பக்கத்தில்.

நீ யோசிக்கச் சொன்னாய். தூங்காமல் யோசித்தேன். மரநிழலில் சருகு ஏன் சீக்கிரம் மக்குகிறது? வெயில் படாததாலா, ஈரம் நிற்பதாலா? காட்டுக்குள் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன, பிரித்துச் சொல்ல வழியில்லை. அம்மா பிரித்துவிட்டாள்! உச்சி வெயிலையும் வைத்துக்கொண்டு ஈரத்தையும் கொடுத்துவிட்டாள். அதுவும் மக்கிவிட்டது. அப்படியானால் இந்தக் கோடையில், இந்த மண்ணில், மரம் செய்கிற பெரிய வேலை ஈரத்தைக் காப்பதுதான்! நீ கூடவே அள்ளி அனுப்பிய அடி மண்ணையும் சோதித்தேன். முள்ளுக்குள் தழைச்சத்து ஏறவே இல்லை. அம்மா பக்கம் ஏகத்துக்கும் ஏறியிருக்கிறது. அதில் கூழின் பங்கும் உண்டு, அதை மறைக்காமல் எழுதுவேன்.

ஒரு முக்கியமான விஷயம். அம்மாவை நிறுத்தாதே! ஜூன் வரை ஊற்றச் சொல். அந்தக் கடிதத்தை நீ எரித்ததற்கு உன் கையில் முத்தம்.

இனி கெட்ட செய்தி. சார் கணக்கைப் பார்த்தார். அப்புறம் "நல்லா இருக்கு" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயால் இதுவரை நான் கேட்டதே இல்லை. "ஆனா முறைகள் அத்தியாயத்துல, ஆய்வாளரே திட்டமிட்டு வாராவாரம் நீர் ஊற்றினார்னு எழுது. பூசை, அம்மன் எல்லாம் வந்தா நான் கையெழுத்து போடமாட்டேன்" என்றார்.

ஒரு வரி பொய், சாகிரா. எழுதிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். என்ன செய்ய?

வசந்தா

செஞ்சி
26-4-1987

அன்புள்ள வசந்தா,

என்னைக் கேட்கிறாயே, நீ எப்போது தண்ணீர் ஊற்றினாய்? நீ ஹாஸ்டலில் உப்புமா தின்றுகொண்டிருந்தாய். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வெயிலில் நடந்து போய் ஊற்றியவர்கள் வேறொருவர். அதை "ஆய்வாளர் ஊற்றினார்" என்று எழுதினால் அதற்குப் பெயர் என்ன என்று உனக்கே தெரியும். நான் குச்சியை மாற்றிக் கட்டினேன் என்று அவர் சொன்னபோது எனக்கு எரிந்ததே, அதைவிட இது மோசம்.

ஆனால் உன் சார் ஒன்று கேட்பார்: எவ்வளவு ஊற்றினாள், எப்படித் தெரியும் என்று. அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்று நேற்றே உங்கள் வீட்டுக்குப் போய்விட்டேன். எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் அளக்கிற லிட்டரை நன்றாகத் தேய்த்துக் கழுவி எடுத்துப் போய், அம்மாவின் சொம்பை அளந்தேன். ஒரு பைக்கு ஒரு சொம்பு. வெள்ளிக்கிழமை தவறியதே இல்லை, நைனாவுக்குக் காய்ச்சல் அடித்த வாரம்கூட. மற்றப் பெண்கள் ஊற்றியதையும் கேட்டுக் குறித்திருக்கிறேன். அதில் முன்பின் இருக்கும், அப்படியே எழுதிவிடு.

அம்மாவுக்கு நான் அளந்தது பிடிக்கவில்லை. "சாமிக்கு ஊத்துறத அளப்பாங்களா?" என்றார்கள். வசந்தாவுக்கு வேண்டும் என்றேன். உடனே சொம்பை விளக்கி, பொட்டு வைத்துக் கொடுத்தார்கள். அப்புறம் மெதுவாகக் கேட்டார்கள்: "நெசமா சொல்லு கண்ணு. நான் ஊத்துனதால அவளுக்கு எதுனா கெட்டுப்போச்சா?"

நீயே பதில் சொல்லிக்கொள் என்று வந்துவிட்டேன். இனி பொய் படிக்க என்னால் ஆகாது.

சாகிரா

சென்னை
17-7-1987

அன்புள்ள சாகிரா,

இப்போதுதான் வைவா முடிந்தது. பெட்டியை மடியில் வைத்து எழுதுகிறேன். கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் உள்ளதை உள்ளபடியே எழுதிக் கொடுத்ததும், சார் அதை ஒரு வாரம் மேசையிலேயே வைத்திருந்தது உனக்குத் தெரியும். "வைவால சிரிச்சா உன் பாடு" என்று கடைசி நாளில் கையெழுத்துப் போட்டதும் தெரியும். வெளியிலிருந்து தேர்வாளராக ஓர் அம்மா வந்திருந்தார், பெரிய பேராசிரியை. தடிக் கண்ணாடி. உள்ளே நுழைந்ததுமே என் புத்தகத்தில் ஒரு பக்கத்தை விரலால் அடையாளம் வைத்துக்கொண்டிருந்தார்.

நேராக அதைத்தான் படித்தார். "'திறந்தவெளிப் பைகளுக்கு ஜனவரி முதல் வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் கலந்த நீர் ஊற்றியவர் திருமதி வள்ளியம்மாள், அனந்தபுரம்.' யாரும்மா இவங்க?"

"என் அம்மா, மேடம்."

சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் சீனியர் யாரோ சிரித்தது கேட்டது. அந்த அம்மா சிரிக்கவில்லை.

"அம்மா பேரை எல்லாரும் நன்றி பக்கத்துல போடுவாங்க. நீ முறைகள்ல போட்டிருக்கியே?"

நான் யோசிக்கவே இல்லை சாகிரா, வாய் தானாகச் சொல்லிவிட்டது: "வேலை செஞ்சது அவங்க மேடம். எனக்குக்கூட அது தெரியாது. தெரிஞ்சப்போ கோவப்பட்டு, திட்டி எழுதினேன்."

அப்புறம் சொம்பின் அளவைக் கேட்டார், சொன்னேன். முள் அடைத்தது யார் என்று கேட்டார். உன் பெயர் அதே பக்கத்தில் இரண்டு வரி தள்ளி இருக்கிறது, அதைக் காட்டினேன். கூழால் வந்த தழைச்சத்தை எப்படிக் கழித்தேன் என்று குடைந்து எடுத்துவிட்டார். முழுதாகக் கழிக்க முடியவில்லை என்று ஒப்புக்கொண்டேன். கடைசியில் புத்தகத்தை மூடினார். "திட்டி எழுதினேன்னு சொன்னியே, அப்புறம் என்ன எழுதின அவங்களுக்கு?" என்று கேட்டார்.

"எதுனா கெட்டுப்போச்சா" என்று ஏப்ரலில் நீ எழுதியனுப்பிய அம்மாவின் கேள்விக்கு இன்றுவரை நான் ஒரு வரிகூட எழுதவில்லை. படிப்பு, டைப்பிங், பைண்டிங் என்று சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். "ஒண்ணும் எழுதல மேடம்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நீ பாஸ். ஊருக்குப் போ" என்றார்.

பாஸ், சாகிரா! பாஸ்! இந்தக் கடிதத்தைத் தபாலில் போடக்கூட நேரம் இல்லை, கையிலேயே எடுத்து வருகிறேன், நீ என் எதிரிலேயே உட்கார்ந்து படி. இன்று வெள்ளிக்கிழமை, அம்மா தண்ணீர் ஊற்றும் நாள். அம்மா இந்நேரம் வீட்டுக்குத் திரும்பியிருப்பாள். ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று நானே என் வாயால் சொல்லவேண்டும். திண்டிவனம் பஸ்ஸில் உட்கார இடம் இல்லையாம், நின்றுகொண்டே வந்துவிடுகிறேன்.

வசந்தா